காலால் மிதிக்கும் துணைக்கருவி

கிதார் ஒன்றே கொண்டு தனித்துப் பாடுவார்க்கு வாய்த்த துணை, லூப் பெடல் என்னும் மிதிகருவி. வாசித்ததைப் பதிவுசெய்து, மீண்டும் மிதித்த அளவில் இடையறாது திரும்ப ஒலிப்பது அதன் தொழில்.

கள்ளக்குறிச்சியினின்று கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களிற் கிறிஸ்து பிறப்புக் கீர்த்தனைகள் பாடச் செல்லும் எமக்கு இரு கருவிகள் கருத்தில் நின்றன. முதலில் வெளிவந்த டிட்டோ மிகச் சிறியது. 5 நிமிடம் பதியும். அதன் எளிமை எம் மனங்கவர்ந்ததே. ஆயினும் அது மின்கலத்தால் இயங்காது. பாஸ் ஆர்சி-1 என்பதோ 12 நிமிடம் பதிவதோடு 9 வோல்ட் மின்கலமும் ஏற்கும். வீடுதோறும் நின்று பாடுவார்க்கு அதுவே தக்கது.

எஞ்சியது ஓர் இடர். முதியோர் கீர்த்தனையின் அடிகளைத் தம் விருப்பம்போல் நீட்டிப் பாடுவர். கருவி அவர்க்காகக் காத்திராது. அதனை நிறுத்த இருமுறை விரைந்து மிதித்தல் வேண்டும். இருளில் அஃது எளிதன்று. ஆதலின் நிறுத்துதற்கெனத் தனி மிதியொன்றையும் உடன் வாங்கினோம். அவர்தம் குரல் நீளுங்கால் கருவி ஓயும்; வெறுங்கிதார் மட்டும் பின்தொடரும்.