அநாதைப் பிள்ளையின் கிளினிக் காட்

தாய் தந்தையற்ற பிள்ளையொன்று ஒரு வீட்டுக்கு வந்துவிட்டால் அன்று அந்த வீட்டில் பெருநாள்தான். குளிப்பாட்டி, புது உடுப்பு உடுத்துவார்கள். அக்கம்பக்கத்தார் பிஸ்கட் பெட்டியோடு வந்து தலையைத் தடவி துஆச் செய்வார்கள். எல்லாம் நற்காரியங்களே. ஆனால், "இந்தப் பிள்ளைக்கு இதுவரை என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது?" என்று கேட்பவர்கள்தான் குறைவு.

என் ஒன்றுவிட்ட தம்பியும் அவரது மனைவியும் சில மாத இடைவெளியில் மௌத்தானார்கள். அவர்களின் இரண்டு வயது மகன் மூதூரிலிருந்து கண்டி மாவட்டத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவனோடு வந்த பையில் நாலு உடுப்பும் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. கிளினிக் காட் இருக்கவில்லை.

"எல்லா ஊசியும் போட்டாச்சி மகன், ஒன்றும் பாக்கியில்ல" என்றார் அவனது உம்மும்மா.

என் மனைவி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா ரெண்டு மௌத்தப் பார்த்த மனுசிக்கு ஊசிக் கணக்கு எப்படி ஞாபகமிருக்கும்? ஒருக்கா மிஸ்ஸிக்கிட்டக் காட்டிப் பார்ப்போமே."

கிளினிக்கில் மிஸ்ஸி முதலில் பிள்ளையின் இடது மேற்கையைப் பார்த்தார். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அங்கே இருந்தது. தழும்பு இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பின்னர், ஐந்து வயதுக்குள் அதை மீண்டும் போடலாம் என்றார். பிறகு பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர், பிறந்த திகதி, தாயின் பெயர், அன்றைய முகவரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். காட் தொலைந்தாலும், பிள்ளை இருந்த பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவேடு இருக்குமல்லவா?

ஒரு வாரத்தில் பதில் வந்தது. 2, 4, 6 மாத ஊசிகளும் 9 மாத ஊசியும் போட்டிருந்தார்கள். 12 மாதத்தில் போடவேண்டிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும், 18 மாத முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும் விடுபட்டிருந்தன. அந்த மாதங்களில்தான் அந்த வீட்டில் நோயும் மௌத்தும் நடந்தன.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். பிள்ளை வந்த புதிதில் உறவினர் சிலர், "உங்கட பேரையே வாப்பாட பேராப் போட்டிருங்க, பள்ளிக்கூடத்துல பிள்ளை வெட்கப்படாது" என்றார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களது தந்தையரின் பெயராலேயே அழைக்கும்படி ஸூரத்துல் அஹ்ஸாபின் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்கள் தம் தந்தையின் பெயராலேயே மீண்டும் அழைக்கப்பட்டதும் இதனால்தான். வம்சம் பற்றிய சட்டமாக நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. அதன் இன்னொரு நன்மையைக் கிளினிக்கில் கண்டேன். தகப்பனின் பெயர் மாறாமல் இருந்ததால் பிள்ளையின் பதிவு தடையின்றிக் கைக்குக் கிடைத்தது.

விடுபட்ட இரண்டு ஊசிகளையும் சொட்டையும் ஒரே நாளில் கொடுத்தார்கள். இடையில் காலம் தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அன்றிரவு இலேசான காய்ச்சல் வந்தது, மறுநாள் மாறிவிட்டது.

பதிவே கிடைக்காத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் போடவில்லை என்றே கணக்கிட்டு, வயதுக்கேற்ற ஊசிகளை வைத்தியர் ஒழுங்குபடுத்துவார். "ரெண்டு தரம் போட்டா விஷமாகிவிடாதா?" என்று பல தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முன்பு போட்டதை அறியாமல் இன்னொரு தரம் போடுவதால் பொதுவாகப் பாதகமில்லை. போடாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கனவே வலிப்பு, கடும் ஒவ்வாமை, நீண்டகால நோய் ஏதும் இருந்தால் அதை மட்டும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த நோய்களெல்லாம் ஒழிந்துவிட்டனவே என்று எண்ணவேண்டாம். நமது நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். தடுப்பு மருந்தைத் தொடர்ந்து கொடுத்துவந்ததால் கிடைத்த நிம்மதி அது. சின்னமுத்து நீங்கிய நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தது. 2023இல் அந்நோய் திரும்பவும் பரவியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. வீடு மாறிவந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது ஊசி தவறிப்போக அதிக வாய்ப்புண்டு.

சகோதரிகளே, அநாதையின் சொத்தை அவனிடம் ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளும்படி ஸூரத்துன்னிஸா நமக்குக் கற்பிக்கிறது. காணியும் நகையும் மட்டுமா சொத்து? அவனது ஆரோக்கியமும் நம் கையிலுள்ள அமானிதமே. அதற்குச் சாட்சியாக இருப்பது அந்தக் கிளினிக் காட். புதிய காட் எடுத்து, பிரதியொன்றும் செய்து, பிறப்புச் சான்றிதழோடு ஒரே கோவையில் வையுங்கள். அடுத்த ஊசியின் திகதியை வீட்டுக் கலண்டரில் வட்டமிடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளின் காட்களையும் அன்றே எடுத்துப் பாருங்கள்.

அநாதையைப் பொறுப்பேற்பவர் சுவர்க்கத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். பொறுப்பேற்பது என்பது உணவும் உடையும் கொடுப்பதோடு முடிவதில்லை. அந்தப் பொறுப்பை முழுமையாக நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.