இருட்டுக்குப் பழகிய வீடு

நள்ளிரவில் முதல் வெடிச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காஷ்மீரில் இரவு நேரத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் வெளியூர்க்காரர் மனதில் ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றும். சில நிமிடங்களில் இரண்டாவது. பிறகு சற்றுத் தொலைவில் மூன்றாவது. கதவிடுக்கில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

"பயப்படாதீர்கள் பெஹன்ஜி. துப்பாக்கி இல்லை, ஆப்பிள் மரம்" என்றார் மாஸ்டர்ஜி. படியிறங்கப் போனவர் நின்று, "துப்பாக்கியாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும்" என்றார்.

2019 நவம்பர் 7, வியாழக்கிழமை இரவு அது. பாரமுல்லாவுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, ஜேலம் நதிக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது அந்தக் கிராமம். மாஸ்டர்ஜி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சிறுகதை எழுதுபவர். அவருடைய கதைகளை உருது வழியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரம் வரை சந்தேகங்களை மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் பள்ளத்தாக்கில் இன்டர்நெட் இல்லை. அக்டோபர் மத்தியில் போஸ்ட்பெய்டு செல்போன்கள் மட்டும் உயிர்பெற்றன. ஒரு சொல்லின் சாயலை அந்த இரைச்சலுக்கிடையே போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. எழுபத்தெட்டுச் சந்தேகங்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு டெல்லியிலிருந்து நேரிலேயே போய்விட்டேன். வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள்.

இந்த ஊருக்குப் பனி புதிதல்ல. ஆனால் அதற்கென்று ஒரு காலம் உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயர். அதற்குள் மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளையாக நிற்கும். விழும் பனி வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த வருடம் பனி ஆறு வாரம் முந்திக்கொண்டது. ஆப்பிள் மரங்களில் இலை கொட்டவில்லை. ஒவ்வொரு இலையும் ஒரு கை போலப் பனியை ஏந்திக்கொண்டது. அதுவும் ஈரப்பனி, கனமானது. தமிழில் மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி, மரத்தை இரண்டாகப் பிளப்பதும் பனி. இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மாஸ்டர்ஜியின் கதைகளை என்ன செய்வது என்பது என் எழுபத்தெட்டில் முதல் சந்தேகம்.

மின்சாரம் வியாழன் காலை பத்து மணிக்கே போய்விட்டது. மரம் கம்பியின் மேல், கம்பி கம்பத்தின் மேல் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. இரவில் மாஸ்டர்ஜியும் அவர் மகனும் நீண்ட கழிகளோடு தோட்டத்துக்குள் போய் மரம் மரமாக உலுக்கினார்கள். உலுக்கிவிட்டு நகர்ந்த மரத்தில் அரைமணியில் மறுபடி பனி ஏறிவிடும். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் டார்ச் வெளிச்சங்கள் அலைந்தன. முதல் வருடம்தான் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தேன். விழுந்த தென்னையைச் சுற்றிச் சுற்றி வந்த ஒருவரின் நடை இன்னும் நினைவில் இருக்கிறது. விடிந்ததும் மாஸ்டர்ஜி தன் தோட்டத்தில் அதே நடை நடந்தார். இந்தப் பழைய ரக டெலிஷியஸ் மரம் முழுக் காய்ப்புக்கு வரப் பதினைந்து வருடம் பிடிக்கும்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. சொல்லப்போனால், முதல் நாள் நான் அசந்துபோனேன். சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் நாம் படும் பாடு தெரியும். இங்கே யாரும் பதறவில்லை. மாடி அறைகளை அடைத்துவிட்டுக் கீழே ஒரே அறைக்கு எல்லோரும் வந்துசேர்ந்தார்கள். மாஸ்டர்ஜியின் மனைவி, நான் 'பாபி' என்று கூப்பிட்டவர், பரணிலிருந்து மாலை மாலையாக எதையோ இறக்கினார். பார்த்தால் கத்தரிக்காய் வற்றல்! சுரைக்காய், தக்காளி, டர்னிப் எல்லாமே வற்றலாக இருந்தன. வெயில் அதிகம் என்று நாம் வற்றல் போடுகிறோம். வெயில் இல்லாமல் போகப்போகிறது என்று அவர்கள் போடுகிறார்கள். தெருமுனை ரொட்டிக் கடையின் தந்தூர் அடுப்பு விறகில் எரிவது. அதற்கு மின்சாரம் எதற்கு? காலையில் பையன் பனியில் நடந்துபோய்ச் சூடான ரொட்டி வாங்கி வந்தான். சமாவரில் கரி போட்டு உப்புத் தேநீர் கொதித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காங்ரி. பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, சட்டியில் சாம்பல் போர்த்திய தணல். சினார் மரத்தின் உதிர்ந்த சருகை எரித்துச் செய்த கரி மெல்ல, மணிக்கணக்கில் கனலும். கூடையோடு தொங்கும் சிறு கரண்டியால் எப்போதாவது ஒருமுறை கிளறிவிட்டால் போதும். 'ஃபெரன்' எனும் தொளதொள அங்கிக்குள் காங்ரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குளிர் வெளியே நிற்கும். பாபி எனக்கும் ஒரு ஃபெரனும் காங்ரியும் கொடுத்தார். நாளிதழ்க் கட்டுரை ஒன்று மனதுக்குள் தானாக எழுத ஆரம்பித்தது: மின்சாரம் வருவதற்கு முன்பே வாழத் தெரிந்த மக்கள், நாம் மறந்துபோன சாமர்த்தியங்கள், இப்படி. நல்லவேளை, அதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து அறையில் படுத்திருந்த பெரியவரின் கைகள் நடுங்குவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். மாஸ்டர்ஜியின் தகப்பனார், எண்பது வயது. வீட்டில் எல்லோரும் அவரை அப்பாஜி என்கிறார்கள். உருது அப்பாவுக்கும் தமிழ் அப்பாவுக்கும் ஒரு ப-வின் அழுத்தம்தான் வித்தியாசம். எல்லோரிடமும் காங்ரி இருக்க, அவருக்கு மட்டும் ஏன் இல்லை என்று நினைத்து என்னுடையதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இரண்டடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து பாபி பாய்ந்து வந்து அதைப் பறித்தார். தணல் சிதறி என் கணுக்காலில் ஒரு துளி சுட்டது.

"பாஜி, ஆக்ஸிஜன்!" என்றார். குரல் நடுங்கியது.

கட்டிலுக்கு மறுபக்கம் ஒரு சிலிண்டர் நின்றது. அதிலிருந்து குழாய் அவர் மூக்குக்குப் போயிற்று. அந்த அறைக்குள் தீப்பொறியே கூடாது. வீட்டில் அதிகம் குளிர் தாங்க முடியாதவர் யாரோ, அவருக்குத்தான் காங்ரி கிடையாது.

வழக்கமாக அவருக்கு மூச்சுக் கொடுப்பது சிலிண்டர் அல்ல, ஒரு மின் இயந்திரம். அறைக் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்ஸிஜனை அனுப்பும் கான்சென்ட்ரேட்டர். கோவிட் வந்தபின் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. 2019-இல் எனக்குத் தெரியாது. காஷ்மீரில் பழுதான நுரையீரலோடு இந்த இயந்திரத்தை நம்பி வாழும் முதியவர்கள் அப்போதே நிறைய இருந்தார்கள். இயந்திரம் தின்பது முந்நூறு வாட்டுக்கு மேல். இன்வர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கியது. பிறகு, அவசரத்துக்கென்று வைத்திருந்த இரண்டு சிறிய சிலிண்டர்கள். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஒரு சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம் வரும். இந்தக் கணக்கைப் பாபி எனக்கு விரல்விட்டுச் சொன்னார். அவர் பள்ளிக்கூடமே போகாதவர்.

நுரையீரல் எப்படிக் கெட்டது என்று கேட்டேன். ஹூக்கா, தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து என்று சொல்லிக்கொண்டே வந்த மாஸ்டர்ஜி, மடியிலிருந்த காங்ரியைத் தட்டினார். "இதுவும்தான். எழுபது குளிர்காலம் இதன் புகையைச் சுவாசித்திருக்கிறார்." காங்ரியின் சூடு தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோயை உண்டாக்குவதை எல்ம்ஸ்லி என்ற மிஷனரி டாக்டர் 1866-லேயே எழுதிவைத்திருக்கிறார். நாம் மெச்சிக்கொள்ளும் பழைய சாமர்த்தியங்களுக்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு போலும்.

வெள்ளி காலையில் மகன் காலி சிலிண்டரோடு பக்கத்து வீட்டு டிராக்டரில் பாரமுல்லா கிளம்பினான். சாலையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. செல்போன் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துவிட்டதால் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க வழியில்லை. பகல் இரண்டு மணிக்கு மாஸ்டர்ஜி சிலிண்டரின் திருகைத் திருப்பி, இரண்டு லிட்டரை ஒன்றரையாகக் குறைத்தார். பெரியவரின் உதடு மெல்ல நிறம் மாறியது. யாரும் எதுவும் பேசவில்லை. நான் சந்தேகத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பெரியவர்தான் பேசினார், துண்டுதுண்டாக, மூச்சு வாங்கிக்கொண்டு. 1947 அக்டோபரில் அவருக்கு எட்டு வயது. இதே ஜேலத்தில் இன்னும் கீழே, உரிக்குப் போகும் வழியில் மோரா நீர்மின் நிலையம் இருக்கிறது. மகாராஜா காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அக்டோபர் 24-ஆம் தேதி படையெடுத்து வந்தவர்கள் அதைப் பிடித்தபோது ஸ்ரீநகர் முழுவதும் இருண்டது. அரண்மனையில் தசரா தர்பார் நடந்துகொண்டிருந்ததாம். "எங்கள் ஊருக்குத் தெரியவே தெரியாது" என்று சிரித்தார். "எங்களுக்கு அணைவதற்கு விளக்கே கிடையாதே!"

இப்போது அதே நதியில் 480 மெகாவாட் உரி மின்நிலையம் 1997 முதல் இயங்குகிறது. ஆனால் மலைநதிகளின் கணக்கு வேறு. மேலே பனி உறைய, கீழே நீர் வற்றும். குளிர் ஏற ஏற மின்சாரத் தேவை ஏறும், உற்பத்தி இறங்கும். மிச்சத்தைப் பீர்பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டி வரும் கம்பிகள்தான் கொண்டுவர வேண்டும். பனி விழாத நாளிலேயே மணிக்கணக்கில் மின்வெட்டு உண்டு என்றார் மாஸ்டர்ஜி.

இருட்டும் நேரத்தில் டிராக்டர் வந்தது. நிரப்பிய ஒரே ஒரு சிலிண்டர். அங்கே இவர்களைப் போல வரிசையில் பலர் நின்றிருக்கிறார்கள். அந்த ஒன்று விடியும்வரை வரும். அதற்குப் பிறகு?

யோசனை சொன்னது ரொட்டிக் கடைக்காரர். மசூதியில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஹமாமும் இருக்கிறது. நமக்கு சோப்பின் பெயராக மட்டுமே தெரிந்த ஹமாம் இங்கே ஓர் அறை. தரை முழுக்கக் கல் பாவியிருக்கும்; அடியில் விறகு எரியும். தீயும் புகையும் தரைக்குக் கீழே, வெளிப்பக்கமாக. உள்ளே சூடு மட்டும். குளிர்காலத்தில் ஊர் ஆண்கள் தொழுகைக்கு முன்னும் பின்னும் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். ஆக்ஸிஜனோடு ஒரு மனிதர் கதகதப்பாகப் படுக்கக்கூடிய ஒரே இடம் ஊரில் அதுதான். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டுமே? நெடுஞ்சாலை மூடியிருந்தது. அந்த இரவே வீடு வீடாகப் போனார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்புகளுக்காக வைத்திருந்த டீசல், கேனில், வாளியில், ஒரு வீட்டில் பெப்ஸி பாட்டிலில் வந்து சேர்ந்தது. வரும் சித்திரையில் மருந்தடிக்க எத்தனை மரம் மிஞ்சும் என்று அந்த இரவில் யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் பெரியவரைக் கட்டிலோடு தூக்கினார்கள். ஆறு பேர் கட்டிலுக்கு, ஒருவர் சிலிண்டருக்கு, இயந்திரத்தைப் போர்வையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர். கெண்டைக்கால் புதையும் பனியில் வழுக்காமல் இருக்க முன்னால் இரண்டு பையன்கள் சாம்பலைத் தூவிக்கொண்டே போனார்கள். காங்ரிச் சாம்பல்தான். மசூதி வாசல் வரை போனேன். ஹமாமுக்குள் பெண்கள் போவதில்லை. ஜெனரேட்டர் உறுமியதும், உள்ளே யாரோ "சல் கயா" என்றதும் கேட்டன. ஓடிவிட்டது. பாபி மசூதிப் படியில் பனிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று காலை அடுப்பங்கரையில் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆகாசவாணி ஸ்ரீநகர், பத்து நாள் முன்புவரை அதன் பெயர் ரேடியோ காஷ்மீர். நாடு முழுவதும் எதிர்பார்த்திருந்த அயோத்தித் தீர்ப்பு வந்தது. கேட்டார்கள். பிறகு, எந்தெந்த மின்பாதை சரியானது என்ற செய்தி வருமா என்று மறுபடி காதைக் கொடுத்தார்கள். ஞாயிறன்று மீலாது நபி. தொழ வந்தவர்கள் பெரியவரின் கையைத் தொட்டு நலம் கேட்டுவிட்டுப் போனதாக மாஸ்டர்ஜி சொன்னார். திங்களன்று மின் ஊழியர்கள் வந்தார்கள். கையுறைகூட இல்லாமல், இடுப்பில் ஒரு கயிறோடு பனி உறைந்த கம்பத்தில் ஏறிய இளைஞனைத் தலைதூக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாபி அவர்களுக்குக் கீழே காங்ரிகளை வரிசையாக வைத்துவிட்டு நின்றார்.

செவ்வாய் மாலை நாலரை மணிக்கு ஃபிரிட்ஜ் முனகியது. தெருவில் குழந்தைகள் "லைட், லைட்" என்று கத்தினார்கள். ஆறாவது நாள்.

பெரியவர் உடனே வர மறுத்துவிட்டார். கீழே சூடு, சுற்றிலும் பேச்சுத்துணை; இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்றார். மகன் வற்புறுத்தி எட்டு மணிக்குக் கட்டிலோடு கொண்டுவந்து சேர்த்தான். இயந்திரம் பழைய மூலையில் ஓடத் தொடங்கியது. மாஸ்டர்ஜி தோட்டத்திலிருந்து வந்தார். கை முழுக்கச் சேறு. பாதி பிளந்த மரங்களைத் துளைத்து, நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கிக் கயிற்றால் கட்டியிருக்கிறார். ஒட்டுமா என்று வசந்தத்தில்தான் தெரியும். கை கழுவிவிட்டு வந்து, "சரி பெஹன்ஜி, முதல் சந்தேகம்?" என்று உட்கார்ந்தார்.

தாளைப் பிரித்தேன். மூன்றாவது சந்தேகத்தில் இருந்தபோது விளக்கு அணைந்தது. யாரும் உச்சுக்கொட்டவில்லை. பாபி இருட்டிலேயே எழுந்து, காங்ரியைத் தன் இடத்திலேயே வைத்துவிட்டு, சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்.