வெறுங்கோது

ரவையை வீட்டிலேயே செய்யலாம் என்று யாராவது சொன்னால், எங்கட ஊரில் முதலில் கதவைத்தான் சாத்துவார்கள். அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. பெயர் 'ரீலோடிங்'. சுட்டு முடிந்த வெறுங்கோதை வீசாமல் எடுத்து வந்து, மருந்தும் சன்னமும் வைத்துத் திரும்பப் பாவிப்பது.

எனக்கு இதை வட்ஸ்அப் வீடியோவில் விளங்கப்படுத்தியவர் மாமா, அம்மாவின் அண்ணன். தொண்ணூறுகளில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டுப் போனவர். இப்ப விஸ்கொன்சினில் இருக்கிறார். அங்கே நவம்பரில், நன்றி கூறல் நாளுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், துவக்கால் மான் வேட்டையாடும் காலம். வேலைத்தலத்து ஆக்களோடு மாமாவும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடுப்போடு காட்டுக்குப் போகப் பழகிவிட்டார். அதற்கான ரவைகளை வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்து தானே செய்கிறார்.

"புதுசாப் பழகிற ஆள் முதல்ல ரவையப் பிரிச்சுப் பாக்கத் தெரியோணும்" என்றார். ஒரு ரவையில் நாலு பகுதி. வெளியே பித்தளைக் கோது. அதன் அடியில் பிறைமர் என்கிற சின்னக் கிண்ணம். துவக்கின் ஊசி அடிக்கத் தீப்பொறி வருவது அதில்தான். உள்ளே மருந்து. மேலே சன்னம். சுடும்போது மூன்று போய்விடும், கோது மட்டும் மிஞ்சும். நாலிலும் விலை கூடினது பெரும்பாலும் அந்தக் கோதுதான். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கே இருக்கிறது.

எல்லாக் கோதையும் இப்படித் திரும்பப் பாவிக்க முடியாது. 1866இல் இரண்டு பேர் இரண்டு விதமான பிறைமர் முறைகளுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். ஒருவர் ஆங்கிலேயர் பொக்ஸர், மற்றவர் அமெரிக்கர் பேர்டன். பொக்ஸர் முறையில் கோதின் அடியில் நடுவே ஒரே ஓட்டை. ஊசியால் தள்ளினால் பழைய பிறைமர் கழன்று விழும். பேர்டன் முறையில் பொதுவாக இரண்டு சின்ன ஓட்டைகள், நடுவில் இல்லை, கழற்றுவது பெரும்பாடு. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவியது.

வேலை ஒழுங்கு இதுதான். கோதில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சோளப்பொத்தித் தூளோடு சேர்த்துச் சுழற்றித் துப்பரவாக்கவேண்டும். சுடும்போது விரிந்த கோதை அச்சுக்குள் அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேண்டும். பிறகு புதுப் பிறைமர், நிறுத்த மருந்து, கடைசியாகச் சன்னம். மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிராமுக்குள் 15 கிரெயினுக்குக் கொஞ்சம் கூட வரும். எவ்வளவு போடலாம் என்பதற்கு மருந்துக் கம்பனிகள் புத்தகம் வெளியிடுகின்றன. புதியவர் அதில் உள்ள குறைந்த அளவிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

மாமாவின் சட்டங்கள் கடுமையானவை. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல் மட்டும். ரீவி இல்லை, போன் இல்லை. கண்ணாடி போடவேண்டும். ஈயம் இருப்பதால் சாப்பாடு, தேத்தண்ணி எதுவும் கிட்ட வரக்கூடாது, முடிய கை கழுவவேண்டும். மருந்து போட்ட கோதுகளை வரிசையாக வைத்து, சன்னம் வைக்க முதல் ரோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரண்டு தரம் மருந்து விழுந்தால் துவக்கே வெடிக்கும். மருந்து விழாமல் விட்டாலும் ஆபத்துத்தான். பிறைமரின் பலத்தில் சன்னம் குழாய்க்குள் பாதி வழியில் இறுகி நிற்கும், அடுத்த வெடி அதில் போய் மோதும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கட வளவுதான் ஞாபகம் வந்தது. 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஏழு வயது. வேலியோரம், கிணற்றடி, பள்ளிக்கூட மைதானம் எங்கும் வெறுங்கோதுகள். மிதிவெடி விழிப்புணர்வுக்கு வந்தவர்கள் "தெரியாத பொருளைத் தொடாதீங்கோ" என்று படம் காட்டிச் சொன்னார்கள். ஆனால் கோது எங்களுக்குத் தெரியாத பொருள் இல்லையே. உதட்டில் வைத்து ஊதினால் விசில். பெடியள் பொறுக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து ஐஸ்பழம் வாங்கினார்கள். பித்தளைக்கு நல்ல விலை. ஏகே துவக்கின் கோது கனக்க இரும்பு, அதற்கு விலை குறைவு. இதை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பெட்டியைக் கமராவுக்குக் காட்டினார். மேலே ஒட்டிய தாளில் செய்த திகதி, மருந்தின் பெயர், நிறை, அந்தக் கோது எத்தனையாம் தரம் பாவிக்கப்படுகிறது என்ற கணக்கு. பித்தளை ஒவ்வொரு தரமும் விரிந்து சுருங்கி இறுகிக்கொண்டு போகும், ஒரு கட்டத்தில் கழுத்து வெடிக்கும், அதற்காகத்தான் கணக்கு என்றார். எங்கட வளவில் கிடந்த கோதுகளுக்கு இப்படி ஒரு தாள் இல்லை. ஆர் சுட்டது, ஆரில் பட்டது என்று எழுதிய புத்தகத்தை நான் இன்னும் காணவில்லை.

அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "அண்ணை, உனக்கு விசரே? இதுக்குப் பயந்துதானே அங்க ஓடினனீ?"

"அங்க அது எங்களைத் தேடி வந்தது. இஞ்ச அது பெட்டிக்குள்ள இருக்கு. திறப்பு என்னட்ட."

"ஒரு நாளைக்கு எத்தினை செய்வாய்?"

"ஒரு பின்னேரத்தில நாப்பது, அம்பது."

"எண்ணித்தான் செய்யிறியோ?"

"எண்ணாமல் செய்யேலாது."

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இலங்கையில் இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அதைவிட, ஒரு தமிழ்ப் பெடியனின் அறையில் நாலு கோது கிடந்தால் என்ன கேள்வி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமாவுக்கு வேட்டை அனுமதிப்பத்திரமும் தராசும் புத்தகமும் இருக்கிற ஒரு ஊர் கிடைத்திருக்கிறது. அவருக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது.

போன நவம்பரில் மாமா கோல் எடுத்தபோது, "மான் கிடைச்சதோ?" என்று முதலில் கேட்டது அம்மாதான். அவர் மேசையைக் காட்டத் தொடங்கியதும் போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.