குளியலறைக் கதவின் ரப்பர் பட்டை



இந்த வாரம் எங்கள் வீட்டு ஷவர் கண்ணாடிக் கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையை நானே மாற்றினேன். டீச்சருக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று சிரிக்காதீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

நம் விருதுநகர் பக்கத்து உப்புத் தண்ணீர் உங்களுக்குத் தெரியும். சோப்பு சரியாக நுரைக்காது, கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு பட்டையிலும் ஏறிவிட்டது. பட்டை மஞ்சளாகி, விறைத்து, ஒரு மூலையில் கிழிந்தும் போனது. குளித்த தண்ணீர் அதன் வழியாக வெளியே வந்து டைல்ஸில் தேங்கியது. மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட சார் போன மாதம் அங்கே வழுக்கினார். சுவரில் கைப்பிடி இருந்ததால் விழவில்லை. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பழையபடி எழுந்து நடப்பது எளிதல்ல.

ஒரு கடையில் கதவையே மாற்றச் சொன்னார்கள். நான் பழைய பட்டையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு, கண்ணாடியின் கனத்தையும் (எங்களுடையது 8 மி.மீ.) கீழே உள்ள இடைவெளியையும் அளந்துகொண்டு வேறொரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். 200 ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

செய்முறை இதுதான். பழைய பட்டையை ஒரு முனையிலிருந்து இழுத்தால் வந்துவிடும். கண்ணாடி விளிம்பில் உள்ள உப்பை வினிகர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். புதுப் பட்டை சுருண்டிருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் போடுங்கள், இளகும். கதவின் அகலத்துக்கு வெட்டி, ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போங்கள். சரிவான நாக்கு குளிக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் உள்ளேயே திரும்பும். கடைசியில் ஒரு செம்புத் தண்ணீரைக் கதவின் உட்பக்கம் ஊற்றிப் பாருங்கள்.

பட்டை ஏன் விறைக்கிறது? பெயர்தான் ரப்பர் பட்டை, பெரும்பாலும் அது பிவிசி. அதை மிருதுவாக வைத்திருக்கும் பொருள் நாளாக நாளாக வெளியேறிவிடும். வளைந்து கொடுக்கும் தன்மை போனால் இடைவெளியை அடைக்காது.

28.1.1986 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போனவர். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறியது. விஞ்ஞானி ஃபெய்ன்மேன் விசாரணையின்போது அந்த ரப்பரை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நம் ஐந்தாம் வகுப்பு அறிவியல் சோதனை போலத்தான்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கையாளும் அறையில் தரைக்கும் மருந்துக்கும் நடுவே உராய்வு வராமல் காப்பது ஒரு ரப்பர் விரிப்பு. அது கிழிந்திருந்தால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள் கண்ணுகளா. மேஸ்திரியிடம் அன்றைக்கே கேளுங்கள்.

இது வீட்டுப்பாடம்: குளியலறைக் கதவு, குக்கர் கேஸ்கட் இரண்டையும் விரலால் வளைத்துப் பாருங்கள். கேஸ் அடுப்பு டியூபில் அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பாருங்கள். 5 வருடம் தாண்டியிருந்தால், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அம்மா அப்பா ஊரில் தனியாக இருந்தால், அடுத்த முறை வரும்போது அவர்கள் வீட்டிலும் பாருங்கள். அவர்களாக உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்