சேறும் சினோவும்

திருகோணமலையில் மார்கழி என்பது வழிகாட்டிகள் வீட்டிலிருக்கும் மாதம். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும், புறாமலைக்குப் படகு ஓடும், கையில் காசு புழங்கும். ஐப்பசியில் வாடை எழும்பினால் படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். நிலாவெளி விடுதிகளில் கதிரைகளை அடுக்கிக் கயிறு கட்டிவிடுவார்கள். நான் அப்போதுதான் சப்பாத்தைத் தேடி எடுப்பேன். என் தொழில் சேற்றில். மாரி இல்லாமல் சேறு இல்லை.

இங்கே வற்றுப்பெருக்கு பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு முழம் ஏறி இறங்கினால் அதிகம். ஆகவே களப்பில் சேறு வெளிப்படுவதும் மூடுவதும் மழையின் கையில் இருக்கிறது. மழை பெய்து களப்பு நிரம்பும். முகத்துவாரத்து மணல்மேடு தானாக உடையும், அல்லது மீன்பிடிகாரர் வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்கு ஓட, ஓரத்தில் வழுவழுப்பான சேறு விரியும். இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிப் பெரியகரைச்சிப் பக்கம் அந்தச் சேறு விரிந்த காலையில் போனால், இரவு முழுக்க அங்கே யார் யார் நடமாடினார்கள் என்று எழுதியிருக்கும்.

நான் நடத்தும் நடை பறவை பார்க்கும் நடை என்றுதான் ஊரில் பெயர். உண்மையில் முக்கால்வாசி நேரம் குனிந்துதான் நடக்கிறோம். பைனாகுலர் கொண்டு வருபவர்கள் முதல் அரைமணி நேரம் ஏமாந்துபோவார்கள். பிறகு அவர்களே குந்திவிடுவார்கள்.

தொழில் நுட்பம் என்று பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, வெளிச்சத்தைத் தவிர. அச்சு நமக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கவேண்டும். நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து வருகிறது, களப்பு றோட்டுக்கு மேற்கே. அதனால் இருட்டோடு களப்பின் அக்கரையைச் சுற்றிப்போய், விடிந்ததும் கடலைப் பார்த்தபடி திரும்பி நடக்கவேண்டும். ஏழு மணிக்கு ஒவ்வொரு நகக்கீறலுக்கும் ஒரு நிழல் இருக்கும். பத்து மணிக்கு அதே சேறு வெறும் சேறு. மூடலான நாளில் டோர்ச்சை நிலத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்பேன்.

நாயின் அச்சு பரந்திருக்கும், பாதை வளைந்து வளைந்து போகும், வேலை இல்லாதவன் நடப்பதுபோல. நரி ஒரே கோட்டில் போகும். அதன் முன்னங்கால் நடுவிரல் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருப்பதால் அச்சைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். பூனை இனத்துக்கு நகம் விழாது என்பது பாடம். ஆனால் மீன்பிடிப் பூனைக்கு நகம் முழுதாக உள்ளே போகாது, இளஞ்சேற்றில் குத்து விழும். பாடத்தை மட்டும் நம்புகிறவன் அங்கே தடுமாறுவான். உடும்பு கால்களுக்கு நடுவே வாலால் கோடு இழுக்கும். கல்பொறுக்கிக்குப் பின்விரல் இல்லை, மூன்று விரல்தான். நாலைந்து எட்டு ஓடும், நிற்கும், ஒரு கொத்து, பிறகு மறுபடி ஓட்டம். கொசு உள்ளான் அப்படியல்ல. தையல் மெஷின். இரண்டு பக்கமும் ஊசித்துளை போட்டபடி நிற்காமல் போகும். எங்கள் மீன்பிடிகாரருக்கு இவை எல்லாமே உள்ளான்தான். ஒரு காலத்தில் கறிச்சட்டிக்குள் போனபோது அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் தேவைப்படவில்லை.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இதே கரையில் பறவைகளைக் கணக்கெடுத்தவர் பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக். 1880இல் முடிந்த அவருடைய இலங்கைப் பறவைகளின் வரலாறு இன்றும் ஆட்கள் புரட்டும் புத்தகம். அவர் காலத்து முறை துப்பாக்கி: சுட்டு, கையில் எடுத்து, அளந்து எழுதுவது. கையில் இருப்பதால் சந்தேகம் இல்லை. எனக்குக் கையில் எதுவும் கிடைப்பதில்லை. அதனால்தான் கதை கட்டும் ஆசை வருகிறது.

தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சேற்றில் கொக்கு இறகுகள் சிதறிக் கிடந்தன, பக்கத்தில் மீன்பிடிப் பூனையின் அச்சு. எனக்கு நாக்கு அரித்தது. பூனை எங்கே பதுங்கியது, எப்படிப் பாய்ந்தது, கொக்கு எப்படி அடித்துக்கொண்டது என்று நடித்தே காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். வீச்சுவலையோடு கரையேறிய ஒரு ஐயா கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“தம்பி, பூனை போனது மழைக்கு முந்தி. கொக்கு செத்தது மழைக்குப் பிறகு.”

குனிந்து பார்த்தேன். பூனையின் அச்சுக்குள் மழைத்துளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள். இறகுகள் காய்ந்து பஞ்சாக இருந்தன, அவற்றைச் சுற்றிக் குழியே இல்லாத நாய்த்தடம். விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு மழை பெய்திருந்தது. பூனையும் கொக்கும் அந்த இரவில் சந்திக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மழை நிற்கும் நேரத்தைக் குறித்து வைக்காமல் நான் நடைக்குப் போனதில்லை. பாயில் கிடந்தபடியே காதால் கேட்டு மணி பார்ப்பேன். மனைவிக்கு இது இன்றும் விளங்காத விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் நத்தார் விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து ஒருவர் பேத்தியோடு வந்தார். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடி, பின்மார்க் பக்கத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன நம் ஆட்களில் அவரும் ஒருவர். பலர் பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். இவர் வார்டோவிலேயே இருந்துவிட்டார். கார்த்திகைக் கடைசியில் மறையும் சூரியன் தை நடுவில்தான் மறுபடி தலை காட்டும் ஊர். “ஊருக்கு வாறதே வெயில் பார்க்கத்தான் தம்பி, நீர் என்னை மழைக்குள்ள கூட்டிக்கொண்டு போறீர்” என்றார். பேத்திக்குப் பதினொரு வயது. முழங்கால் மட்டும் சேறு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

முதல் நரித்தடத்தில் நான் வாய் திறப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை அதை மிதிக்காமல் ஓரமாக விலகி நின்றது. எனக்கு ஆச்சரியம். அங்கே குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தால் சினோவில் நடக்கக் கூட்டிக்கொண்டு போவார்களாம். அகலமான மட்டை ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பது. முன்னால் போகும் வழிகாட்டி தடத்தின் மேல் கால் வைக்க விடமாட்டார், பக்கத்தில்தான் நடக்கவேண்டும். சூரியன் இல்லாத மாதத்தில் நீலமான ஒரு அரைவெளிச்சம் மட்டும் இருக்கும், அப்போது தலைவிளக்கைக் கழற்றி நிலத்தோடு பிடிப்பார்களாம். என் டோர்ச்சைக் காட்டினேன். பிள்ளை சிரித்தது.

நம்மிடம் பனி என்றால் புல்லில் நிற்கும் மார்கழி ஈரம். அங்கே விழுவதற்கு நம் ஆட்கள் சினோ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், நல்லதுதான், இரண்டும் குழம்பாது. ஆனால் தடத்தைப் பொறுத்தவரை சேறும் சினோவும் சொந்தக்காரர்கள். இங்கே அச்சுக்குள் மழைக்குழி பார்க்கிறேன். அங்கே அச்சுக்குள் புதுச்சினோ விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வெண்கோழி பறந்தெழும்பின இடத்தில் இரண்டு சிறகும் விசிறிபோல் பதிந்திருக்குமாம். சேற்றில் அது கிடையாது. உள்ளானின் தடம் நடுவெளியில் சட்டென்று நின்றுவிடும், அவ்வளவுதான்.

பெரியவர் தடத்தை விட்டு விலகி நடப்பதில் கஷ்டப்பட்டார். பிறகு அவரே சொன்னார், அவர் நாட்டை விட்டுப் போன காலத்தில் பழக்கம் நேர்மாறு. யாராவது நடந்த அச்சு இருந்தால் அதன் மேல்தான் கால் வைக்கவேண்டும். எனக்கும் அது நினைவிருக்கிறது. கண்ணிவெடிப் பலகை நட்டிருந்த இடங்களை மாட்டுத்தடம் பார்த்துக் கடந்த ஆட்கள் நாங்கள். அதைப்பற்றி இரண்டு பேரும் மேற்கொண்டு பேசவில்லை. பிள்ளை முன்னால் போய்விட்டது.

உமரி படர்ந்த திட்டுக்கு அப்பால் கொசு உள்ளான் கூட்டம் ஒன்று மேய்ந்தது. பைனாகுலரைக் கொடுத்தேன். பெரியவர் பார்த்துவிட்டு, “இதை எனக்குத் தெரியும். அங்க கோடையில எங்கட வராங்கர்ப் பக்கம் முட்டை இடுற குருவி” என்றார். அதுவும் உண்மை. இருபத்தைந்து கிராம் எடை வரும் இந்தக் குருவி நோர்வேயின் வடகரையிலிருந்து சைபீரியா வரை துருவத்துத் தரைகளில் கூடு வைக்கிறது.

“அப்ப இதுவும் என்னைப்போல அங்கயிருந்துதான் வந்ததோ?”

அவர் முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் போதும். பின்னேரம் விடுதியில் எல்லாருக்கும் சொல்வார், ஊருக்குப் போயும் சொல்வார். என் பிழைப்புக்கும் நல்லது. கொக்கின் இறகும் அந்த வீச்சுவலை ஐயாவும் நினைவுக்கு வந்தார்கள்.

“இல்லை அண்ணை. உங்கட பக்கத்துக் குருவிகள் ஐரோப்பாவைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போறதெண்டு காலில வளையம் போட்டுப் பார்த்த ஆக்கள் எழுதியிருக்கினம். இது சைபீரியாக் குருவியாத்தான் இருக்கவேணும்.”

அவர் பைனாகுலரை இறக்கவில்லை. கொஞ்சம் வாடிப்போனார் என்றுதான் நினைக்கிறேன். ஆறுதலுக்கு ஒன்று சொன்னேன், கட்டுக்கதை அல்லாத ஒன்று. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்துக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்டார்கள். மேகா என்று பெயர். அது ரஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பம் வரை பறந்துபோய், மாரிக்குத் திரும்பி வந்தது. அந்தப் பறவை போன வழி வரைபடத்தில் கோடாக இருக்கிறது. அடித்துச் சொல்லலாம். இந்த உள்ளானுக்குக் கோடு இல்லை.

“கடற்காகம் பரவாயில்லை” என்றார் பெரியவர். “மீன் தின்னுறதுதானே, நம்மட ஆள்தான்.”

திரும்பும்போது தில்லை மரத்தைக் காட்டி, கொப்பை முறிக்கவேண்டாம், பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்றேன். பெரியவர் சின்ன வயதில் பட்டு அழுத கதையைச் சொன்னார். பாலத்தடிக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். மழை வந்துவிட்டது.

மாசி மாதம் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை வெளி, நாலு நாலாக அச்சுகள். முயல் என்று பார்த்ததும் தெரிந்தது. அதன் பெரிய பின்னங்கால்கள் முன்னங்காலைத் தாண்டி விழும் என்று பெரியவர் களப்பில் சொல்லித் தந்திருந்தார். கீழே பேத்தியின் குரல்பதிவு: மாமா, இது எத்தனை மணிக்குப் போனது, சொல்லுங்கோ பார்ப்பம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அச்சுக்குள் ஒரு துகள் இல்லை, விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல. சினோ எப்போது நின்றது என்று கேட்டு அனுப்பினேன்.

ராத்திரி ரெண்டு மணிக்கு, என்று பதில் வந்தது. முழிச்சிருந்து பார்த்தனான்.