கீழ்வீட்டுப் பெரியவரின் கார்

"ஜெர்மனியில் என்ன சார் பார்த்தீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அரண்மனை, தேவாலயம் எல்லாம் போட்டோவாகப் போட்டாயிற்று. இது ஒரு பழைய காரைப் பற்றி.

மகன் வீடு ஸ்டுட்கார்ட் பக்கம். கீழ்வீட்டுப் பெரியவரிடம் 1987-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் பென்ஸ் 560 எஸ்இசி இருக்கிறது. கருநீலம், இரண்டே கதவு. பக்கத்தில் சின்டல்ஃபிங்கன் ஆலையில் செய்தது. அப்போது வடிவமைப்புக்குத் தலைவர் புரூனோ சாக்கோ, இத்தாலியில் பிறந்தவர். எட்டு சிலிண்டர், ஐந்தரை லிட்டர் எஞ்சின். நம் பழைய அம்பாசிடருக்கு ஒன்றரை லிட்டர்தான்!

என்னைக் கட்டிப்போட்டது அதன் பக்கவாட்டுதான். முன் கண்ணாடி, பின் கண்ணாடி இரண்டையும் இறக்கினால் நடுவில் தூண் கிடையாது. திண்ணை மாதிரி திறந்து கிடக்கிறது. தூண் இல்லாததால் சீட் பெல்ட் பின்னால் தள்ளிப் போய்விட்டது, கை எட்டாது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால், பின்னாலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு வந்து பெல்ட்டைத் தோளருகே கொடுக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் கொடுக்கிறது. மூன்று தரம் செய்யச் சொல்லிப் பார்த்தேன். வீட்டம்மா முறைத்தார்கள்.

நம்பர் பலகையின் கடைசியில் 'ஹெச்' என்று ஓர் எழுத்து. முப்பது வருஷம் தாண்டி, அசல் நிலையில் நன்றாக வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்னாகும்? சோதனைக் குழாயில் ஆணி போட்டு வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை இவர் வண்டியை வெளியே எடுப்பதே இல்லை. சக்கரத்துக்கு மேல் வளைவில், உள்பக்கம் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். துளி துரு இல்லை.

இந்த வருஷம் அவருக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடுங்கள் என்கிறார் மகள். வாங்கவும் ஒருவர் வந்தார். வந்தவர் அகலச் சக்கரம் மாட்டி, சீட்டையும் மாற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் ஓடாமல் நின்றாலும் வண்டி கெட்டுவிடும். ரப்பர் காய்ந்துபோகும், பிரேக் இறுகிவிடும். இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்போதைக்கு ஞாயிறு காலையில் என் மகன் ஓட்டுகிறான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தை வைத்தே "மெதுவாக, மெதுவாக" என்கிறார். பின்சீட்டில் நானும் வீட்டம்மாவும். வரும் ஞாயிறு நெக்கார் ஆற்றோரமாகப் போகலாம் என்றிருக்கிறார். மழை பெய்தால் கிடையாதாம்.