உடம்பைப் பார்த்துக்கோ

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எல்.கே.ஜி.யில இருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு பக்கத்துக்கு மேல எழுதினது கடைசியா பிளஸ் டூ பரீட்சையிலதான். எழுத்துப்பிழை இருந்தா என்னைத் திட்டுங்க, எடிட்டரை விட்டுடுங்க. ஆனா இதை இங்கிலீஷ்ல எழுத முடியல. ஏன்னா, நான் சொல்லக் கூடாத விதத்துல சொன்ன அந்த ரெண்டு வார்த்தையை நான் தமிழ்லதான் சொன்னேன்.

ஸ்கூல்ல ஐரனிக்கு மூணு வகைன்னு படிச்சிருப்பீங்க. வெர்பல், சிச்சுவேஷனல், டிரமாட்டிக். வாய் ஒண்ணு சொல்லும், மனசு வேற நினைக்கும். நடக்கும்னு நினைச்சதுக்கு நேர்மாறா நடக்கும். கதையில இருக்கிறவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். இவ்வளவுதான். இதுக்கு எங்க மிஸ் உதாரணமா எடுத்த கதை எட்கர் ஆலன் போ எழுதின 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ'. 1846 நவம்பர்ல ஒரு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில வந்த சின்னக் கதை. பத்து மார்க் கேள்வியா வந்தது. ஒன்பது வாங்கினேன். ஆனா ஒண்ணுமே புரியலன்னு இப்போதான் தெரியுது.

இந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ல அதைத் திரும்பப் படிச்சேன். போ இறந்தது 1849லங்கிறதால காப்புரிமை எல்லாம் எப்பவோ முடிஞ்சு, கதை நெட்ல இலவசமாவே கிடைக்குது.

படிக்காதவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். இத்தாலியில ஒரு ஊர், திருவிழா நேரம். மான்ட்ரெசர்னு ஒருத்தன். தன்னை அவமானப்படுத்திட்டான்னு ஃபார்ச்சுனாட்டோ மேல அவனுக்குக் கோபம். என்ன அவமானம்? கதை முடியற வரைக்கும் சொல்லவே மாட்டான். ஃபார்ச்சுனாட்டோவுக்கு ஒயின் பத்தித் தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு ஒரு பெருமை. 'அமான்டிலாடோ ஒயின் ஒரு பீப்பாய் வாங்கியிருக்கேன், அசலா போலியான்னு சந்தேகமா இருக்கு'ன்னு சொல்லி, மான்ட்ரெசர் அவனைத் தன் வீட்டுக்கு அடியில இருக்கிற நிலவறைக்குக் கூட்டிட்டுப் போறான். மான்ட்ரெசரோட முன்னோர்களைப் புதைச்ச இடமும் அதுதான். அங்கே அவனைச் சங்கிலியால கட்டி, முன்னாடி கல்சுவர் எழுப்பி, உயிரோட மூடிடறான்.

கதையில ஐரனி எங்கே இருக்குன்னு தேட வேண்டியதே இல்ல. ஃபார்ச்சுனாட்டோன்னா அதிர்ஷ்டசாலின்னு அர்த்தம். அன்னைக்கு அவன் போட்டிருந்தது கோமாளி உடை, குல்லாயில மணி வேற. அமான்டிலாடோவுக்கும் ஷெர்ரிக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு இன்னொருத்தனைக் கிண்டல் பண்றான். ஆனா அமான்டிலாடோவே ஒரு வகை ஷெர்ரிதான்! அங்கே புதைஞ்சு கிடக்கிறவங்களுக்காக அவன் குடிக்கிறான், மான்ட்ரெசரோ அவனோட நீண்ட ஆயுளுக்காகக் குடிக்கிறான். 'நீ மேசன் சங்கத்துல இருக்கியா'ன்னு ஃபார்ச்சுனாட்டோ கேட்டா, 'ஆமா'ன்னு சொல்லி இவன் மேலங்கிக்குள்ள இருந்து கொத்தனார் கரண்டியை எடுத்துக் காட்டறான். ஃபார்ச்சுனாட்டோ அதை ஜோக்னு நினைச்சுக்கறான். நமக்குத்தான் வயித்தைக் கலக்கும்.

ஆனா நான் படிக்கிறதை நிறுத்தின இடம் வேற.

நிலவறை முழுக்க ஈரம், சுவரெல்லாம் வெடியுப்பு பூத்திருக்கு. ஃபார்ச்சுனாட்டோவுக்கு ஏற்கெனவே சளி, இருமல் நிக்கவே மாட்டேங்குது. அப்போ மான்ட்ரெசர் என்ன பண்றான் தெரியுமா? 'வா, திரும்பிப் போயிடலாம். உன் உடம்புதான் முக்கியம். உனக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது'ன்னு சொல்றான். ஒரு தடவை இல்ல, பல தடவை. ஈரத்துக்கு நல்லதுன்னு குடிக்க ஒயினும் கொடுக்கறான். 'இருமலால எல்லாம் நான் சாக மாட்டேன்'னு ஃபார்ச்சுனாட்டோ சொல்ல, இவன் அமைதியா அதை ஒத்துக்கறான். அவன் எதால சாகப் போறான்னு இவனுக்குத்தான் தெரியுமே.

போனை ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் வழியா வெளியே பார்த்துட்டிருந்தேன். இருட்டுல ஒண்ணும் தெரியல.

இப்போ என் கதை. மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட். மண் ஈரத்தை சென்சார்ல பார்த்துத் தானா தண்ணி விடற சிஸ்டம். எல்லாக் காலேஜ்லயும் எல்லா வருஷமும் ஒரு பேட்ச் பண்ணுமே, அதேதான். டீம்ல மூணு பேர். அதுல ஒருத்தி என் ரூம்மேட். முதல் ரிவ்யூவில கைடு கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். ரெண்டு ராத்திரி முழிச்சு சென்சார் கேலிபரேஷன் பண்ணினது நான். என் பேர் ஒரு தடவைகூட வரல. மேம் அவளைப் பார்த்து 'குட்'னு சொன்னாங்க.

அவ்வளவுதான் விஷயம். பெரிய துரோகம் மாதிரி மூணு மாசம் மனசுல வெச்சிருந்தேன். இந்தக் கட்டுரைக்காக எழுதிப் பார்த்தா நாலு வரிகூட முழுசா வரல. மான்ட்ரெசர் ஏன் தன் அவமானம் என்னன்னு சொல்லவே இல்லங்கிறது எனக்கு அப்போதான் புரிஞ்சது. வெளியே எடுத்துச் சொன்னா அது சின்னதாத் தெரிஞ்சிடும்.

ஃபைனல் ரிவ்யூ அன்னைக்குக் காலையில அவளுக்கு நல்ல காய்ச்சல். ஆனாலும் எழுந்து தலை வாரிட்டு இருந்தாள். 'வந்துடறேன்டி, அரை மணி நேரம்தானே'ன்னு சொன்னாள். நான் அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, 'லூசா நீ? படு. உடம்பைப் பார்த்துக்கோ. மேம்கிட்ட நான் பேசிக்கறேன்'னு சொன்னேன். மெஸ்ல இருந்து டிபன் பாக்ஸ்ல ரசம் சாதம் வாங்கிட்டு வந்தேன். மாத்திரை கொடுத்தேன். ஃபேனைக்கூடக் குறைச்சு வெச்சேன்.

ரிவ்யூவில மேம், 'அவங்க எந்த போர்ஷன் பண்ணாங்க?'ன்னு கேட்டாங்க. கோடிங்ல பாதி அவளோடது. எனக்குத் தெரியும். நான் ஒரு செகண்ட் யோசிக்கிற மாதிரி நின்னுட்டு, 'டாக்குமென்டேஷன் மேம்'னு சொன்னேன். அந்த இன்னொருத்தியும் ஒண்ணும் பேசல. ரிசல்ட்ல அவளுக்கு என்னைவிட 8 மார்க் குறைவு. ரிவ்யூவுக்கு வராததாலன்னு அவளே நினைச்சுக்கிட்டாள். அன்னைக்கு ராத்திரி 'நீ இல்லன்னா செத்திருப்பேன்டி, தேங்க்ஸ்'னு சொன்னாள்.

ஐரனிக்கு மூணு வகைன்னு சொன்னேன்ல? அந்த ரூம்ல அன்னைக்கு மூணுமே இருந்தது.

நமக்குத் தமிழ்ல வஞ்சப்புகழ்ச்சி அணின்னு ஒண்ணு இருக்கு, ஞாபகம் இருக்கா? புகழ்ற மாதிரி திட்டறது, திட்டற மாதிரி புகழ்றது. கயவர்கள் தேவர்களைப் போலன்னு வள்ளுவர் சொல்வார், ரெண்டு பேருமே நினைச்சதைச் செய்யறவங்களாம். ஔவையார் தொண்டைமானோட ஆயுதங்கள் நெய் பூசி அழகா இருக்குன்னு சொன்னது, அதெல்லாம் போரே பார்க்காததுன்னு காட்டறதுக்கு. ஆனா அதுல எல்லாம் கேட்கிறவனுக்கு அடி எங்கே விழுந்ததுன்னு கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். தெரியணும்னுதான் சொல்றதே. மான்ட்ரெசர் பண்ணினது அது இல்ல. கேட்கிறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியக் கூடாது. ஹாஸ்டல்ல நாம ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கிறோமே, அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான். கலாய்க்கிறது ரெண்டு பேரும் சேர்ந்து ஆடற விளையாட்டு. இதுல ஒருத்தர் மட்டும்தான் ஆடறோம்.

இதுல மோசமான விஷயம், நான் சொன்ன எதுவுமே பொய் இல்லங்கிறது. அவளுக்குக் காய்ச்சல் நிஜம். ரசம் சாதம் நிஜம். அக்கறையும் பாதி நிஜம்தான்னு நினைக்கிறேன். அந்தப் பாதி அக்கறைக்குப் பின்னாடிதான் மீதிப் பாதியை ஒளிச்சு வெச்சிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மீதிக் கதையைப் படிச்சேன். 11ஆவது வரிசையோட கடைசிக் கல்லை வைக்கும்போது மான்ட்ரெசர் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கிறான். பதில் இல்ல. குல்லாயில இருக்கிற மணிச் சத்தம் மட்டும் கேட்குது. மனசு கனத்துப் போச்சுங்கிறான். உடனே, நிலவறை ஈரத்தாலதான்னு ஒரு காரணமும் சொல்லிக்கிறான். அப்புறம்தான் தெரியுது, இதெல்லாம் நடந்து 50 வருஷம் ஆச்சு. யாரும் கண்டுபிடிக்கல. இருந்தும் ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு கல்லும் அவனுக்கு ஞாபகம் இருக்கு. மாட்டிக்காம பழிவாங்கணும்னு நினைச்சவன் மாட்டிக்கவே இல்ல. ஆனா 50 வருஷமா அவனும் அந்தச் சுவர் பக்கத்துலயேதான் நிக்கறான். ஸ்கூல்ல சிச்சுவேஷனல் ஐரனிக்கு நான் எழுதாம விட்ட பாயின்ட் இதுதான். அந்த ஒரு மார்க் இதுக்காகத்தான் போயிருக்கும்னு நானா நினைச்சுக்கறேன்.

எனக்கு ஒரு வருஷம்கூட ஆகல. அதனால சொல்லிட்டேன். லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே, மெஸ்ல இருந்து ரூமுக்கு நடந்து வரும்போது. அவள் கத்துவாள்னு நினைச்சேன். கத்தல. கொஞ்ச தூரம் நடந்துட்டு, 'மார்க் போனாப் போகட்டும். நீ ரசம் சாதம் கொண்டு வந்ததை எங்கம்மாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா'ன்னு மட்டும் கேட்டாள்.

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல. மேமையும் போய்ப் பார்த்துச் சொன்னேன். மார்க் எல்லாம் அனுப்பியாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க. நாலு நாள் அவள் என்கூடப் பேசல. அஞ்சாம் நாள் சார்ஜர் கேட்டாள், கொடுத்தேன். இந்தக் கட்டுரையை அனுப்பறதுக்கு முன்னாடி அவகிட்டதான் படிக்கக் கொடுத்தேன். மூணு எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தாள். வேற ஒண்ணும் சொல்லல.

போன வாரம் எனக்குத் தலைவலி. 'உடம்பைப் பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டு லைட்டை ஆஃப் பண்ணினாள். அவ நிஜமாத்தான் சொன்னாள்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் முழிச்சிட்டே படுத்திருந்தேன்.